சாவியை ஒளிக்கச் சொன்னது நான்தான்

பாப்பா,

உன் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் வழக்கில் குற்றவாளிக் கூண்டில் தப்பான ஆள் நிற்கிறார். புல்லட் சாவியை ஒளித்துவைத்தது மாப்பிள்ளைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒளித்துவைக்கச் சொன்னது நான். அதை உன்னிடம் சொல்லாமல் இத்தனை நாளாக அவர் வாங்கிக் கட்டிக்கொள்கிறார் என்று உன் அம்மா சொன்னாள். மாமனாரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தாராம். இவ்வளவு நல்ல மனிதர் என்று முன்பே தெரிந்திருந்தால் கல்யாண மண்டபத்தில் அவர் செருப்பை நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போட்டிருக்கமாட்டேன்.

கடைசியாக நீ ஃபோனில் சொன்னது காதிலேயே நிற்கிறது. "கல்யாணம் ஆயிட்டா எல்லா அப்பாவும் ஒரே அப்பா ஆயிடறீங்க. நீயும் அப்படித்தான்னு நான் நெனைக்கலப்பா." அதோடு வைத்துவிட்டாய். பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. பெண் பிள்ளை வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்கிற கூட்டத்தில் என்னையும் சேர்த்துவிட்டாய். உன் கால் தரையில் ஊன்றவேண்டும் என்று சீட்டின் இரும்புத் தகட்டையே வெட்டி இறக்கியவன் நான். நீ அப்படிச் சொன்னது வலித்தது. வலி என்கிற சொல்லை இப்போதெல்லாம் கொஞ்சம் யோசித்துத்தான் எழுதவேண்டியிருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையின் ஃபோனுக்கு அனுப்புகிறேன். நம் ஊர்ப் பழைய வண்டிக்காரர்கள் குரூப்பிலும் போடப்போகிறேன். வீட்டு விஷயத்தை நாலு பேர் எதற்குப் படிக்கவேண்டும் என்று உன் அம்மா தடுத்துப் பார்த்தாள். படிக்கவேண்டிய நாலு பேர் அங்கேதான் இருக்கிறார்கள். என் கை பட்ட வண்டிகளில்தான் அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்வருகிறார்கள்.

விஷயம் இதுதான். உன் வண்டியின் பிரேக்கை நான் நம்பவில்லை. அந்த வண்டியில் என் கை இறுக்கிய எந்த போல்ட்டையும் நம்பவில்லை. வரும் சனிக்கிழமை நீ ஏற்காடு போவதாக இருந்தாய். மலை ஏறுவதில் பயமில்லை பாப்பா. ஏறினால் இறங்கவேண்டுமே.

இதைச் சொல்ல முதலில் ஃபோன் செய்தபோது நீ சிரித்ததில் தப்பில்லை. நான் சொன்ன விதம் அப்படி. "பாப்பா, உன் வண்டில ஒரு போல்ட் லூசு. அத மாட்டினவன் அதைவிட லூசு" என்று ஆரம்பித்தேன். சாவு வீட்டுக்குப் போனாலும் எனக்கு வாய் இப்படித்தான் திறக்கும். "நட்டு ஜோக்கா? வேற ஆளப் பாருப்பா" என்றாய். குரூப்பில் படிக்கிறவர்களுக்கு நட்டு ஜோக் தெரியும், எல்லாரும் ஒரு தடவையாவது ஏமாந்தவர்கள்தான். யாராவது இன்ஜினைப் பிரித்து முழுதாக மாட்டி முடித்துக் கையைத் துடைக்கும்போது, அவர்களுக்குத் தெரியாமல் கோணிமேல் ஒரு நட்டை வைத்துவிடுவேன். எங்கிருந்தோ வந்த நட்டு. எந்த வண்டிக்கும் சேராதது. அதைப் பார்த்ததும் அவர்கள் முகம் போகிற போக்கு இருக்கிறதே. நீ முதல்முறை கார்புரேட்டர் மாட்டிய அன்று, அந்த நட்டு எங்கே போகும் என்று தேடித் தேடித் திரும்பத் திரும்பப் பிரித்தாய். கடைசியில் அழுதுவிட்டாய். அப்போதும் நான் சிரித்துக்கொண்டு நின்றேன். கீழ்பென்னாத்தூர் தணிகா மாமா, தை மாதம் வண்டியோடு விழுந்து போய்ச்சேர்ந்தாரே அவர்தான், அன்று உனக்காக என்னோடு சண்டைக்கு வந்தார். "கொயந்தகிட்ட இன்னாய்யா விளையாட்டு" என்று அந்த நட்டைத் தூக்கித் தெருவில் எறிந்தார். எத்தனை வருஷம் நானே விளைவித்த அவநம்பிக்கை அது. இப்போது அறுவடை.

அந்த புல்லட் நம் அடி அண்ணாமலை வீட்டுக்கு வந்தபோது நீ கல்லூரியில் இருந்தாய். டேங்கில் துரு, சைலன்சரில் குளவிக்கூடு, சீட்டுக்குள் எலி பிரசவம். "இது வண்டியா, குடித்தனம் விட்ட வீடா" என்று உன் அம்மா கேட்டாள். நான் கண்டக்டர் வேலையில் இருந்தவரை லீவு நாளில் மட்டும்தான் அதைத் தொட முடிந்தது. ரிடையர் ஆனபிறகு கொட்டகையே கதி என்று கிடந்தேன். பௌர்ணமியன்று நம் வாசலில் கிரிவலக் கூட்டம் போகும், வண்டி எதையும் வெளியே எடுக்க முடியாது. கதவைச் சாத்திக்கொண்டு பகலெல்லாம் வேலை செய்வேன், வெயில் தாழ்ந்ததும் நானும் கூட்டத்தில் இறங்கி மலையைச் சுற்றிவிட்டு வருவேன். உன் கல்யாணம் நிச்சயமானதும், நகை புடவை எல்லாம் அம்மா பொறுப்பு, வண்டி என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம்.

பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். நீ ஓட்டிப் பழகிய வண்டிகளில் எல்லாம் நேர்மாறு. அவசரத்தில் கால் பழக்கத்துக்குத்தான் போகும், பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பாய். அந்தப் பயத்தில்தான் மாற்றினேன். கியரை இடது பக்கம் கொண்டுவந்தேன். பிரேக் மிதியை வலது பக்கம் வைத்து, சட்டத்துக்குக் குறுக்கே ஒரு தண்டு விட்டு, இடது பக்கத்து பிரேக் கம்பியோடு சேர்த்தேன். தண்டை லேத் பட்டறையில் என் கண்முன்னால் கடைந்து வாங்கினேன். மிதியையும் தண்டையும் சேர்த்துப் பிடிப்பது ஒரே ஒரு போல்ட். அது பிடித்தால்தான் பிரேக். பிடிக்காவிட்டால் மிதி தையல் மெஷின் மிதி மாதிரி சும்மா கீழே போய்வரும். உன் பாதுகாப்புக்கு என்று செய்த மாற்றம் அது.

எவ்வளவு இறுக்குவது என்பதற்கு நான் யாரையும் கேட்டதில்லை. கை சொல்லும். போல்ட் சுற்றிக்கொண்டே வரும், ஒரு இடத்தில் ஸ்பேனர் உள்ளங்கையில் லேசாக முறைக்கும். அங்கே நிறுத்தவேண்டும். முன்னாலேயே நிறுத்தினால் ஓட்டத்தில் கழலும், தாண்டிப்போனால் மரை தேய்ந்துவிடும். மாப்பிள்ளை நிச்சயத்துக்கு வந்தபோது எனக்கு ஒரு டார்க் ரென்ச் வாங்கிவந்தார், சொன்ன அளவு இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சத்தம் கொடுக்கிற ஸ்பேனர். நான் அதைக் கையில் வாங்கி, "இதுல மணி பாக்கலாமா மாப்ள?" என்று கேட்டேன். சபையே சிரித்தது, அவர் முகம் சிறுத்துப்போனது. ஆணியில் மாட்டினேன், உறையைக்கூடப் பிரிக்கவில்லை. இத்தனை வருஷம் வேலூர் பஸ்ஸின் குலுக்கலில், ஒட்டிக்கொண்ட டிக்கெட் தாளை விரலாலேயே பிரித்தவனுக்கு ஸ்பேனர் சத்தம் போட்டுச் சொல்லவேண்டுமா என்று ஒரு திமிர்.

இறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட் தலையிலும் நீ விட்டுப்போன நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்தேன். பொட்டு இருந்தால் வேலை முடிந்தது, மறுபடி தொடவேண்டாம் என்று அர்த்தம். உன் அம்மா வந்திருந்த உறவுக்காரர்களிடம், "பொண்ணுக்கு மருதாணி வெக்க ஆளில்ல, இவரு வண்டிக்கு நகப்பூச்சு வெச்சிக்கினு கீறாரு" என்று சொல்லிக் காட்டினாள். கல்யாணத்தன்று நான் காட்டிய வித்தை ஞாபகம் இருக்கும். கொதிக்கிற காப்பி டம்ளரைத் துண்டில்லாமல் வெறும் கையில் பிடித்துக்கொண்டு பந்தி முழுக்க நடந்தேன். மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் கைதட்டின. நீயும் மணவறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாய். எனக்கே பெருமையாக இருந்தது. கண்டக்டர் கை, காய்த்துப்போன கை என்று சொல்லிக்கொண்டேன். அந்தக் கையில் சூடு ஏறவில்லை என்பதை ஒரு மண்டபமே கைதட்டிக் கொண்டாடியது, நான் உட்பட.

சர்க்கரை எனக்கு வந்து பல வருஷம் ஆகிறது, அது உனக்குத் தெரியும். மாத்திரையை நான் பாதி நாள் போட்டதில்லை என்பது தெரியாது. கடலை மிட்டாயைப் பழைய சைலன்சருக்குள் வைத்திருந்தேன். உன் அம்மா எறும்பு வரிசையைப் பார்த்துக் கண்டுபிடித்தபோது, வண்டிக்கும் தித்திப்பு ஆசை இருக்காதா என்று சமாளித்தேன். ஊரில் எல்லாருக்கும் இருக்கிற வியாதிதானே என்ற நினைப்பு.

ஆடிப் பௌர்ணமிக்கு மலை சுற்றிவிட்டு வந்தேன். வழக்கம்போல வெறுங்கால். வாசலில் தண்ணீர் ஊற்றிக் காலைக் கழுவி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். உன் அம்மா சமையலறையிலிருந்து வந்தவள் தரையைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். வாசலிலிருந்து நாற்காலிவரை ஒரே காலின் சிவப்புத் தடம். "இன்னாங்க இது, லட்சுமி வந்த மாதிரி" என்றாள். அவளும் ஜோக் அடிப்பாள், எப்போதாவது. காலைத் தூக்கிப் பார்த்தால் பாதத்தில் ஒரு சோடா பாட்டில் சில்லு ஆழமாக இறங்கியிருந்தது. எங்கே ஏறியது என்று எனக்குத் தெரியாது. மலையை அதோடுதான் சுற்றியிருக்கிறேன். வலியே இல்லை. அண்ணாமலையார் வலியை வாங்கிக்கொண்டார் என்று பக்கத்து வீட்டில் கும்பிட்டார்கள். நானும் அப்படியே நம்பி மஞ்சள் வைத்துக் கட்டினேன். முட்டாள்தனத்துக்கும் பக்திக்கும் அன்று ஒரே கட்டுதான். டாக்டரிடம் போகும்போது கால் கறுத்திருந்தது.

நீ அப்போது ஃபோன் செய்தபோது நாங்கள் திருப்பதியில் இருப்பதாகச் சொன்னேன், பழைய போட்டோ ஒன்றையும் அனுப்பினேன். "மொட்டை அடிச்சியாப்பா?" என்று கேட்டாய். அடித்தார்கள் பாப்பா, எனக்கல்ல, என் இடது காலுக்கு. சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் போய்விட்டன. சில்லறை இல்லை சில்லறை இல்லை என்று ஊரையெல்லாம் விரட்டியவனுக்குக் காலிலேயே சில்லறை குறைந்துவிட்டது. புதுக் குடித்தனக்காரி, லீவு போட்டு ஓடிவருவாய் என்று மறைத்தோம். அம்மாவைத் திட்டாதே, மறைக்கச் சொன்னதும் நான்தான்.

அந்த ஆஸ்பத்திரியில்தான் விஷயம் தெரிந்தது. காலில் உணர்ச்சி எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு மெல்லிய நைலான் நரம்பால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போதெல்லாம் "ம்" சொல்லவேண்டும். காலில் நான் ம் சொல்லவேயில்லை. அது எதிர்பார்த்ததுதான். டாக்டர் சின்ன வயசுக்காரர், நல்ல மாதிரி. கையையும் பார்த்துவிடலாம் என்றார். கையை நீட்டிக் கண்ணை மூடினேன். கை என்றால் நம் ஏரியாவாயிற்றே என்று தெம்பாக உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஏதோ பேப்பர் எழுதுகிறார்போல என்று நினைத்து, "ஆரம்பிங்க டாக்டர், தூக்கம் வருது" என்றேன்.

உன் அம்மாதான் பதில் சொன்னாள். "அவரு முடிச்சிட்டாருங்க."

கண்ணைத் திறந்தேன். டாக்டர் அந்த நரம்பைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டிருந்தார். பத்து விரலிலும் நுனி எனக்குச் சேதி சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டிருக்கிறது. வேலை மட்டும் நடந்துகொண்டிருந்தது. இது ஒரே நாளில் வருவதில்லை, வருஷக்கணக்கில் மெதுவாகப் போயிருக்கும், போவது தெரியாது என்றார். அவர் சொல்லிக்கொண்டிருந்தார், எனக்கு ஒன்றுதான் ஓடியது. உன் வண்டியின் போல்ட்டுகளில் ஸ்பேனர் முறைத்தபோது நிறுத்தினேனே, அது முறைத்ததா, அல்லது பழைய ஞாபகத்தில் நானே முறைத்ததாக நினைத்துக்கொண்டேனா?

வீட்டுக்கு வந்ததும் கட்டுக் காலோடு கொட்டகைக்குப் போனேன். என் சொந்த வண்டி அங்கே நிற்கிறதே, அதையும் உன் வண்டியோடு சேர்த்து அதே சமயத்தில்தான் மாட்டினேன். அதே கை, அதே பொட்டு. ஆணியிலிருந்து மாப்பிள்ளையின் ரென்ச்சை எடுத்து உறையைப் பிரித்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு பொட்டின் மேலும் அதை வைத்துத் திருப்பினேன். இறுகிய போல்ட்டாக இருந்தால் தொட்டதும் டிக் என்று சொல்லவேண்டும். பின் சக்கரத்தில் அது சொல்லவேயில்லை, தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டு போனது. கைப்பிடியில் ஒன்று ரென்ச்சே தேவைப்படாமல் சுற்றியது. இன்ஜின் தலையில் ஒன்று மரையே போய்த் தொளதொளவென்று ஆடியது, அதை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறேன். சில போல்ட்டுகள் சரியாகவும் இருந்தன. அதுதான் பாப்பா எனக்கு இன்னும் பயம். எல்லாம் லூசாக இருந்தால் வண்டி கடகடவென்று கத்தி உனக்குச் சொல்லிவிடும். பாதி சரி, பாதி தப்பு என்றால் வாயை மூடிக்கொண்டு ஓடும்.

அன்றுதான் உனக்கு ஃபோன் செய்தேன், நீ சிரித்தாய். மறுபடி செய்து, வண்டியை எடுக்காதே என்று மட்டும் சொன்னேன், கோபப்பட்டாய். சனிக்கிழமை ஏற்காடு என்று அம்மா சொன்னதும் எனக்கு வேறு வழி தெரியவில்லை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, காரணம் கேட்காதீங்க, சாவிய எடுத்து ஒளிச்சு வெச்சிடுங்க என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. என்னிடம் ஜோக் கேட்டுக் கேட்டு முகம் சிறுத்த மனிதர், நான் ஜோக் அடிக்கவில்லை என்பதை என் குரலிலேயே கண்டுகொண்டார். நீ இருபத்தைந்து வருஷம் என்னோடு இருந்தும் கண்டுகொள்ளவில்லை. அதற்கு உன்னைக் குறை சொல்லவில்லை. அவருக்கு என்னோடு பழக்கம் கம்மி, அதுதான் அவர் அதிர்ஷ்டம்.

அவரோடு பேசு. அப்பா சொல்வதற்காக அல்ல, சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிற வேலை உன்னிடம் இருக்கிறதாமே, அது என் ரத்தம். என்னிடம் கேலியாக வருவது உன்னிடம் மௌனமாக வருகிறது. இரண்டும் எதிராளியைப் பேசவிடாது. உன் அம்மா இந்த வீட்டில் எத்தனை விஷயத்தைச் சொல்ல வாய் திறந்து, என் ஒரு ஜோக்கில் மூடிக்கொண்டாள் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி நினைத்துப் பார்த்தேன். டம்ளர் சூட்டை அவள் கல்யாணத்துக்கு முன்பே கவனித்திருக்கிறாள். "கையப் பாருங்க, செவந்து போச்சி, உங்களுக்குத் தெரியலியா?" என்று ஒருநாள் கேட்டாள். உன்னைத் தொட்ட கை சிவக்காமல் என்ன செய்யும் என்றேன். வெட்கப்பட்டுப் போய்விட்டாள். நான் ஜெயித்துவிட்டேன். அன்று அவள் ஜெயித்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

சாவி உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு மேலே, ஸ்டெபிலைசர் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. சொல்லிவிட்டேன். அந்த வண்டிக்குச் சாவி ஒரு மரியாதைக்குத்தான், ஒரு கம்பியைச் செருகினாலும் ஸ்டார்ட் ஆகும். அது உனக்கும் தெரியும். இத்தனை கோபத்திலும் நீ அதைச் செய்யவில்லை. அதனால்தான் எடுத்துக்கொள் என்கிறேன். ஆனால் வண்டியை வீட்டிலிருந்து உருட்டாதே. ஒரு நல்ல மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொல், இல்லையென்றால் நீயே ஒரு நல்ல ரென்ச் வாங்கு, உனக்கு வேலை தெரியும். முதலில் பிரேக் குறுக்குத் தண்டு போல்ட். பிறகு இரண்டு சக்கரம், கைப்பிடி, அதற்குப் பிறகு மற்றதெல்லாம். ஸ்பேனர் வைக்குமுன் ஒவ்வொன்றையும் விரலால் திருப்பிப் பார், எது எப்படி இருந்தது என்று தெரியவேண்டும். பொட்டு இருக்கிறதே என்று எதையும் விடாதே. பொட்டு வைத்தது நான், அதற்கு இனி ஒரு அர்த்தமும் கிடையாது. குரூப்பில் இருக்கிறவர்களுக்கும் இதேதான். என் கொட்டகைக்கு உங்கள் வண்டி வந்திருந்தால், இன்று வேறு கையால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மன்னிப்பு பிறகு கேட்கிறேன், முதலில் பாருங்கள்.

இனி எழுத இருப்பது ஒன்றுதான். அதை எழுதாமல் விட்டால் மேலே எழுதியதும் ஒரு ஜோக்காகிவிடும்.

தணிகா மாமாவின் வண்டிக்கு மார்கழியில் முன் சக்கரம் மாட்டிக் கொடுத்தது நான். பேரிங் புதிது, முன் ஃபோர்க்குக்குப் புது ஸ்பிரிங், எல்லாம் என் கைவேலை. எடுத்துக்கொண்டு போகும்போது, "உன் வண்டில ஏர்றேன், டிக்கெட் மட்டும் குடுத்துடாத கண்டக்டரே" என்றார். ரைட், போலாம் என்று நான் விசில் அடித்தேன். தை மாதம் ஊருக்கு வெளியே வளைவில் விழுந்தார். ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தார்கள், சக்கரம் நெல்லில் சறுக்கிவிட்டது என்றார்கள். பார்த்தவர் யாருமில்லை. நெல் இருந்தது உண்மை. நானும் நெல்லைத்தான் திட்டினேன். சுடுகாடு வரைக்கும் நெல் காயப்போட்டவனைத் திட்டிக்கொண்டே போனேன்.

நேற்று காலை ஆட்டோ வைத்துக்கொண்டு நானும் உன் அம்மாவும் கீழ்பென்னாத்தூர் தணிகா வீட்டுக்குப் போனோம். ரென்ச் எடுத்துப்போகவில்லை. துக்க வீட்டுக்குள் அதைத் தூக்கிக்கொண்டு போக எனக்குத் தைரியமில்லை. விரலால் சுற்றுகிற அளவுக்கு லூசா, இல்லையா என்பது தெரிந்தால் போதும் என்று இருந்தது. மல்லிகா அத்தை என் கால் கட்டைப் பார்த்துப் பதறி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். வண்டி மாட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வந்தபிறகு யாரும் தொடவில்லையாம். ஒரு தரம் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"பாருங்கண்ணா. வித்துடலாம்னு பசங்க சொல்றானுங்க. நீங்க செஞ்ச வண்டியாச்சே, உங்கள ஒரு வார்த்த கேக்காம எப்பிடிக் குடுக்கறதுன்னுதான் வெச்சிருக்கேன்" என்றாள்.

தார்ப்பாயை அவளே விலக்கினாள். முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரி முன் சக்கரம் கோணலாக நின்றது. கட்டுக் காலோடு எனக்கு உட்கார வரவில்லை. ஒரு கையால் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து, சக்கர நட்டில் விரல் வைத்தேன். சிவப்புப் பொட்டு அப்படியே இருந்தது. அழுத்தினேன், திருப்பினேன். நட்டு நகர்ந்ததா, என் விரல் அதன்மேல் வழுக்கியதா, எனக்குத் தெரியவில்லை. இரும்பைத் தொடுகிறேன் என்பதே கண்ணால் பார்த்துத்தான் தெரிந்தது. மல்லிகா பின்னால் நின்று, வண்டிய அவரு எவ்ளோ ஆசையா துடைப்பாரு தெரியுமாண்ணா என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

உன் அம்மா என்னைத் தாண்டிப்போய் அந்தப் பக்கம் குந்தினாள். வாழ்நாளில் ஒரு போல்ட்டைத் தொட்டவள் இல்லை. என் விரலை எடுத்துவிட்டுத் தன் கையை வைத்தாள். சக்கரக் கம்பிகளுக்கு அந்தப்புறம் அவள் கை எனக்குத் தெரியவில்லை. வளையல் சத்தம் மட்டும் கேட்டது. ஒருமுறை, பிறகு இன்னொருமுறை. எழுந்து முந்தானையில் கையைத் துடைத்தாள். என்னைப் பார்க்கவில்லை, மல்லிகாவைப் பார்த்தாள்.

"இறுக்கமாத்தான் கீது" என்றாள்.

இறுகிய நட்டில் கை வைத்தால் வளையல் ஏன் சத்தம் போடவேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆட்டோவிலும் கேட்கவில்லை. ஏந்தல் ஊரைத் தாண்டும்போது தற்செயலாகக் குனிந்து பார்த்தேன், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியாது.

தணிகாவின் பெரிய பையன் நம் குரூப்பில் இருக்கிறான். இதைப் படித்ததும் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போவான். போகட்டும், அது அவனுடைய உரிமை. அவன் வந்து என்ன கேட்டாலும் நான் வீட்டில்தான் இருப்பேன், ஓடுவதற்குக் காலும் இல்லை.

நீ முதல் போல்ட்டில் விரலை வைத்துப் பார்த்ததும் எனக்கு ஃபோன் செய். எப்படி இருந்ததோ அப்படியே சொல். சுற்றினால் சுற்றியது என்று சொல். உன் அம்மா ரொம்ப நல்லவள் பாப்பா. நீ அந்த அளவுக்கு நல்லவளாக இருந்துவிடாதே.

அப்பா